தாய்மாமன் கொடுத்த வாக்குமூலம்

பிப்ரவரி 1, சனி

ஜெர்மனி மண்ணில் கால் வைத்தேன். இறங்கும்போது பைலட் வாசலில் நின்று எனக்குக் கை கொடுத்தார். முன்னால் போனவர்களுக்கும் கொடுத்தார்தான். ஆனால் எனக்குக் கொடுத்ததில் ஒரு தனி அழுத்தம் இருந்தது. சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து சந்தன மாலையையும் ஜரிகைப் பொன்னாடையையும் கண்டதும், யாரோ மந்திரி வந்துவிட்டார் என்று நினைத்து விறைப்பாக நின்றார். மோர் மிளகாயை மட்டும் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் விளங்க வேண்டும் அல்லவா, அதற்காக எழுதி வைக்கிறேன். நான் சங்கரன்கோவில் பூலோகபாண்டி. பூலோகம் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து விடைபெற்றுக்கொண்டது. இருபத்தெட்டு வருஷமாக எங்கள் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை எதுவானாலும் மைக் செட் என்னுடையது; மைக்கில் பேசும் குரலும் என்னுடையது. என் அக்கா கோமதியின் ஒரே மகள் இந்துஜா இங்கே காற்றாலை சம்பந்தமான மேல்படிப்பு படிக்கிறாள். இரண்டரை வருஷம் ஆகிறது. அவள் பட்டம் வாங்கும்போது முதல் மாலை தாய்மாமன் கையால்தான் விழ வேண்டும் என்று அத்தான் வேலாயுதம் சொல்லிவிட்டார். அவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருப்பதால் வர முடியவில்லை. ஆக, மொத்த வம்சத்தின் சார்பிலும் நான்.

ஸ்டேஷனில் இந்துவைப் பார்த்ததும் செல்போனை எடுத்து, தேரடி முனையில் நாங்கள் வைத்திருக்கும் இருபதடி ஃப்ளெக்ஸ் பேனரின் படத்தைக் காட்டினேன். அவள் முகம், பின்னால் காற்றாலை, மேலே என் வாசகம்: "ஜெர்மனியை அதிர வைத்து ஐந்துக்கு ஐந்து வாங்கிய எங்கள் குலவிளக்கே!"

"இத எப்ப வச்சீய?" என்றாள்.

"தை ஒண்ணாந் தேதி. பஸ்ல போறவன்லாம் எட்டிப் பாக்கான்."

"எடுக்கச் சொல்லுங்க மாமா."

அடக்கம். இந்தக் குணம் எங்கள் வீட்டில் என்னிடம் இருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கோட்டுக்குள் அவள் காப்பி நிறத்தில் ஏப்ரன் கட்டியிருந்தாள். அதில் ரொட்டிப் படம் தைத்திருந்தது. இங்கே ஆய்வுக்கூடத்துக்கு அப்படி ஓர் உடுப்பு போலிருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த நாட்டோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை கிடையாது. பால் வாங்க நாலு தெரு சுற்றிவிட்டுத் திரும்பினேன். குழாய் திருகினால் தண்ணீர் வருகிறது. ஆனால் எந்த அறையில் வர வேண்டுமோ அந்த அறையில் மட்டும் காகிதம் வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

இந்து இருப்பது மாணவர் விடுதி. பக்கத்து அறை நேபாளத்துப் பெண் ஊருக்குப் போயிருப்பதால் அந்த அறை எனக்கு. ஆறு பேருக்கு ஒரே அடுப்படி. அதை ஆளுவது லூக்காஸ் என்கிற ஜெர்மன் பையன். குப்பைக்கு நாலு தொட்டி. நான் டீத்தூளை மஞ்சள் தொட்டியில் போட்டேன். அவன் அதைக் கையுறை மாட்டி எடுத்து, பழுப்புத் தொட்டியில் போட்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மத்தியானம் ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்த அடுத்த நொடி கூரையில் இருந்த ஒரு வெள்ளை டப்பா அலற ஆரம்பித்தது. என் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதன் முன்னால் கொசு. மூன்று மாடியும் குளிரில் இறங்கி நின்றது.

"மாமா, தாளிக்கும்போது சன்னல தொறக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ஏட்டி, சன்னலத் தொறந்தா கடுகு வெறைச்சுப் போகுமே."

பிறகு எல்லாரும் ரசத்தை வாங்கிக் குடித்து, சமையல் குறிப்பு கேட்டு வரிசையில் நின்றார்கள். (லூக்காஸ் ஒரு ஸ்பூன் குடித்தான்.)

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் இந்து என்னை உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னாள்.

பட்டமளிப்பு விழா இப்போதைக்கு இல்லை. பட்டமே இன்னும் இல்லை. மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டாள், ஆய்வுக் கட்டுரையும் முடித்துவிட்டாள். காற்றாலை இறக்கையைப் பற்றிய ஒரே ஒரு பாடம் பாக்கி. அதில் இரண்டு தடவை ஃபெயில். இங்கே ஒரு பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு. மூன்றாவதிலும் போனால் படிப்பை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள், விசாவும் போய்விடும். இரண்டரை வருஷத்துக்கு ஒரு காகிதம்கூட மிஞ்சாது. அந்த மூன்றாவது பரீட்சை வருகிற பதினொன்றாம் தேதி.

"அப்ப அஞ்சுக்கு அஞ்சு?"

"இங்க ஒண்ணுதான் ஒசத்தி மாமா. அஞ்சுன்னா ஃபெயில். போன வருசம் நான் ஒங்களுக்குத்தான் அந்த மார்க் ஷீட்ட அனுப்புனேன்."

என் தலையில் இடி விழுந்தது. மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போடும் ஒரு நாடு பூமியில் இருக்கும் என்று யார் கண்டார்? "எனக்கு எப்படித் தாயி தெரியும்? அஞ்சுன்னு போட்டிருந்துச்சு. நல்ல சேதின்னுல்லா நெனச்சேன்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கென்று தெரியவில்லை.

"பரீட்ச முடியுற வரைக்கும் வீட்டுக்கு எதுவும் சொல்லாதீய. நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க, அது போதும்."

சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சும்மா இருந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

குடும்ப வாட்ஸப் குழுவில் அக்கா மூன்று தடவை கேட்டுவிட்டாள், 'என்னடா சத்தத்தையே காணோம்' என்று. அதனால் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். சின்னது. விழாவுக்கு ஒத்திகை நடக்கிறது, ஆறு பேராசிரியர்கள் அங்கி போட்டு வரிசையாக நிற்கிறார்கள், அதில் மூத்தவர் என்னைப் பார்த்து, 'இந்தப் பெண்ணின் தாய்மாமன் நீங்கள்தானா' என்று கேட்டார், அவ்வளவுதான் சொன்னேன். இதில் பொய் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பேராசிரியர்கள் இங்கே இருக்கத்தானே செய்கிறார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

அத்தானுக்கு ஆளைச் சேர்க்கத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. வருகிற 23ஆம் தேதி கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழாவாம். இந்து இங்கிருந்து வீடியோவில் பேச வேண்டுமாம். தலைமை தாங்க இன்ஜினியரிங் கல்லூரித் தலைவர் ஒத்துக்கொண்டாராம். நோட்டீஸ் அடித்துக் குழுவில் போட்டுவிட்டார்.

இந்து அடுப்படியில் செல்போனைப் பார்த்தாள். கையில் இருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"என்ன மாமா சொன்னீய அங்க?"

"ஒத்திகைன்னேன். அவர்தான் விழாவாக்கிட்டாரு. எம் மேல கோவப்பட்டு என்ன செய்ய?"

"நான் தேறுவேனான்னு எனக்கே தெரியல. காலையில கடையில நின்னுட்டு வந்து சாயங்காலம் படிக்கேன். படிச்சது மண்டையில ஏறுறதுக்குள்ள நீங்க வேற ஒரு விழாவ மேல தூக்கி வைக்கீய. இதுல எதத்தான் நான் சுமக்க?"

ஆய்வுக்கூடத்தைத்தான் இங்கே கடை என்பார்கள் போல.

பிப்ரவரி 8, சனி

விழா இல்லாவிட்டாலும் ஊருக்கு அனுப்ப ஒரு கோட்டைப் படமாவது வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிவந்தேன். இன்று இந்து, "போய்ட்டு வந்தா பேசாம இருப்பீயளா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டிப் போனாள்.

இந்த நாட்டு மாணவர்கள் பயணம் போகிற விதம் மனுஷனுக்கு ஆகாது. வேகமான ரயில் நேராகப் போகும். ஆனால் மாணவர் டிக்கெட்டுக்கு அதில் இடம் இல்லை. ஊருக்கு ஊர் நிற்கிற ரயிலில் ஏறி, இறங்கி, ஓடி, மறுபடி ஏற வேண்டும். நாலு ரயில் மாறினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு நிமிஷம். ஆறு என்றால் ஆறுதான். எங்கள் ஊர் மாதிரி கொஞ்சம் கூடக் குறைய என்பதே கிடையாது. முதுகில் பை, கையில் எலுமிச்சைச் சாதம், வாயில் ஏதோ ஒரு ஃபார்முலா, இப்படி அவள் முன்னால் ஓட, நான் பின்னால். மூன்றாவது ஊரில் ஒரு கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு நின்றதில் ஒரு ரயில் போய்விட்டது. காற்றில் ஒரு மணி நேரம் நின்றோம். அவள் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். குதிரைதான் அப்படித் தூங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கோட்டை பிரமாதம். அதன் ராஜா வம்சத்தவர் ஒருவரே வந்து எங்களை வரவேற்றார். சீருடையில் இருந்தார். டிக்கெட்டையும் அவரே கிழித்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை பரீட்சை. காலை ஒன்பது மணிக்கு. வேறு ஊரில் இருக்கும் பெரிய மண்டபத்தில், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

நான் கூட வருவேன் என்றேன். வேண்டாம் என்றாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் பெண்ணின் கையில் பாரம் இருக்கக்கூடாது, பையைத் தாய்மாமன்தான் எடுத்து வர வேண்டும், எங்கள் வீட்டில் அதுதான் முறை. அக்கா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது எங்கள் மாமா அவள் பெட்டியை இரண்டு மைல் தலையில் வைத்து வந்தார். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன்.

"சரி மாமா, வாங்க. பேச்ச நிறுத்துனா சரி" என்றாள்.

மனம் இளகிவிட்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

பனி என்றால் பனி, ஆள் உயரப் பனி. இந்து படிப்பதற்காக முன்பெட்டிக்குப் போனாள். நான் பையோடு பின்பெட்டியில் இருந்தேன். நடுவில் ஒரு ஸ்டேஷனில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ரயிலை இரண்டாக வெட்டிவிட்டார்கள்! முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி இன்னொரு ஊருக்கு. இப்படி ஒரு அக்கிரமம் எங்காவது உண்டா? நான் கார்டைக் கூப்பிட்டு உடனே வண்டியை நிறுத்து என்று உத்தரவு போட்டேன். அவரும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். கடைசி ஸ்டேஷனில் நாயோடு இருந்த ஒரு அம்மா என் கம்பீரத்தைப் பார்த்துத் தானாகவே வந்து உதவி செய்தார்.

பையில் அவள் பாஸ்போர்ட், மாணவர் அட்டை, கால்குலேட்டர், செல்போன் எல்லாம் இருந்தன. நான் மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து நாற்பது. அடையாள அட்டை இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்களாம். ஒன்பதரைக்குள் கொண்டு வந்தால் விடுவார்களாம். அதற்கு மேல் கதவைத் திறக்க மாட்டார்களாம்.

இந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து பையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது அவளே என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பை அவள் மடியில் இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள், பேசவில்லை.

மத்தியானம் லூக்காஸ் வந்து அவளோடு நெடுநேரம் பேசினான். அவன் மாணவர் சங்கத்தில் இருக்கிறானாம். பரீட்சைக்கு வராதவர் கணக்கில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியே விட்டால் அது மூன்றாவது ஃபெயில். ஆனால் தவறு அவளுடையது இல்லை என்று பரீட்சைக் குழு ஏற்றுக்கொண்டால் இந்த வாய்ப்பு கணக்கில் வராது; மார்ச் நாலாம் தேதி இன்னொரு பரீட்சை இருக்கிறது, அதில் எழுதலாம். அதற்குத் தவறு செய்தவர் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். ரயில் நேரம், அறிவிப்பு எல்லாவற்றையும் அவர்கள் சரிபார்ப்பார்களாம். ஒரு இடத்தில் பொய் தெரிந்தாலும் முழுவதும் தள்ளுபடி.

"மாமா தமிழ்ல எழுதட்டும், நான் ஜெர்மன்ல மாத்தித் தாரேன்னு சொல்லிருக்கேன்" என்றாள் இந்து. நேற்றிலிருந்து அவள் சொன்ன முதல் வாக்கியம்.

எழுத்தா? எத்தனை கோவில் கொடை நோட்டீஸுக்கு வாசகம் எழுதிய கை இது!

பிப்ரவரி 13, வியாழன்

முதலில் ஒரு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பனிப்புயல், ரயிலில் மயங்கி விழுந்த நிறைமாதக் கர்ப்பிணி, அவளுக்கு நான் தண்ணீர் தெளித்தது, அந்த நேரத்தில் ரயில் பிரிந்தது. இந்து லேப்டாப்பில் இரண்டு வரி அடித்தாள். நிறுத்தினாள்.

"பனியே பெய்யல மாமா."

"பெய்யுத மாதிரி இருந்துச்சுல்லா."

"கர்ப்பிணி யாரு?"

"இருந்திருக்கலாம். அம்புட்டுக் கூட்டம்."

கிழித்தாள். இரண்டாவது எழுதினேன், ஒன்றரைப் பக்கம். கர்ப்பிணியை எடுத்துவிட்டேன். கார்டுக்கு உத்தரவு போட்டதை மட்டும் வைத்திருந்தேன். அதையும் கிழித்தாள்.

"நீங்க கார்டப் பாக்கவே இல்ல. அந்த நாய்க்கார அம்மா மண்டபம் வரைக்கும் ஒங்க கூட வந்தாங்க. ஒங்கள விட்டுட்டுப் போகும்போது எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாங்க."

நான் குனிந்து கிழிந்த தாள்களைப் பொறுக்கினேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் மாமா. நெசத்தச் சொல்லுங்க. போன வருசம் மார்க் ஷீட்ட அனுப்புனேன். ஒரு மணி நேரம் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், 'மாமா, இது ஃபெயில், நீங்களே அப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க'ன்னு. ரெண்டு நீல டிக்கும் வந்துச்சு. ஆறு மாசமா நானும் கேக்காம இருக்கேன். நீங்க அதக் கேட்டீயளா, இல்லையா?"

அடுப்படியில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும் வரை பார்த்தேன். நிற்கவில்லை.

கேட்டேன் என்றேன்.

அவள் அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்புறம் ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த நோட்டிலேயே மூன்றாம் தேதி இடி விழுந்தது என்று எழுதியிருக்கிறேன். இடி விழவில்லை. எனக்குத் தெரியும். அந்த மெசேஜ் வருவதற்குள், ஆடித்தபசு விழாவில் மைக்கைப் பிடித்து, ஐந்துக்கு ஐந்து என்று சொல்லிவிட்டிருந்தேன். ஜனம் கை தட்டியது. அத்தான் முன்வரிசையில் எழுந்து நின்று கும்பிட்டார். அதற்குப் பிறகு எந்த வாயால் மாற்றிச் சொல்வது? மெசேஜை அழித்தேன். அழித்தால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். அவளும் அப்பாவிடம் சொல்ல முடியாமல் ஆகிவிட்டது.

மூன்றாவது வாக்குமூலம். அவள் கிழிக்கவில்லை. இங்கேயும் பிரதி எடுத்து வைக்கிறேன்:

என் பெயர் பூலோகபாண்டி. வயது ஐம்பத்திரண்டு. இந்துஜாவின் தாய்மாமன். பிப்ரவரி 11 காலை 7.12 ரயிலில் நாங்கள் இருவரும் ஏறினோம். அவள் பையை என்னிடம் தரவில்லை. எங்கள் வீட்டு முறை என்று சொல்லி நான்தான் வாங்கினேன். நாங்கள் பின்பெட்டியில் ஏறியிருந்தோம். முன்பெட்டிக்கு மாற வேண்டும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "நீ போ, வாரேன்" என்றேன். அவள் போன பிறகு நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். என் மருமகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று ஊருக்கு அனுப்பும் வீடியோ. அது பொய். 7.51க்கு ரயில் பிரிந்தது. பிரியும் என்று ஒலிபெருக்கியில் இரண்டு மொழியில் சொன்னார்கள். பலகையிலும் எழுதியிருந்தது. எனக்கு அந்த இரண்டு மொழியும் தெரியாது. தெரியாது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியும் என்று சொல்லியிருந்தேன். கடைசி ஸ்டேஷனில் 8.20க்கு இறங்கினேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு அம்மா பார்த்து, பையைத் திறந்து பரீட்சை அழைப்புக் கடிதத்தைப் படித்து, என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்கு 10.40க்கு வந்தோம். தவறு முழுவதும் என்னுடையது. இந்துஜாவுடையது எதுவும் இல்லை.

அரைப் பக்கம்தான் வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே இதுதான் சின்னது.

பிப்ரவரி 14, வெள்ளி

கொடுத்தோம். அந்த அலுவலக அம்மா என் கையெழுத்தைப் பார்த்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, மறுபடி கையெழுத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

அத்தானுக்குப் போன் போட்டேன். இந்து பக்கத்தில் இருந்தாள். முதலில் அந்த அரைப் பக்கத்தை வாசித்தேன். பிறகு ஐந்து என்றால் ஃபெயில் என்று சொன்னேன். பிறகு அந்த வாய்ஸ் மெசேஜைச் சொன்னேன்.

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப எம் பிள்ள ஆறு மாசமா இத ஒத்தையில வச்சுக்கிட்டு இருந்திருக்கா" என்றார்.

"ஆமா அத்தான்."

"நீ கேட்டுட்டும் சும்மா இருந்துருக்க."

"ஆமா அத்தான்."

அதன் பிறகு அவர் சொன்னதை எழுதவில்லை. எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான். விழாவை நிறுத்தும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "போனப் பிள்ளைட்டக் குடு" என்றார். கொடுத்துவிட்டு நான் குப்பையைக் கொண்டுபோய்ப் போட வெளியே போனேன். நாலு தொட்டியிலும் சரியாகப் போட்டுவிட்டு, அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். காலை மடக்கி, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் 4.

இந்து கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். பிறகு என்னைப் பார்த்து, "ரசம் வைங்க மாமா. சன்னலத் தொறந்துக்கிடுங்க" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

நான் வரட்டுமா என்று கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

போயிருக்கிறாள். தனியாக.

மார்ச் 13, வியாழன்

நாளை மறுநாள் எனக்கு விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு இந்து போனில் கூப்பிட்டாள்.

"மாமா, பாஸ்."

"சரி தாயி" என்றேன்.

"கடைக்கு வாங்க. அப்பாட்ட சேந்து சொல்லுவோம்."

போனேன். கடை என்றால் கடைதான். ரொட்டிக் கடை. வாரத்தில் மூன்று நாள் காலை ஐந்தரைக்கே அங்கே வந்து நிற்கிறாள், முதல் நாள் நான் பார்த்த அந்த ஏப்ரனோடு. அது ஆய்வுக்கூடம் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவள் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஆளுக்குத் தகுந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் வெளியே வந்தாள். முகம் எல்லாம் சிரிப்பு. மூக்கு நுனியில் மாவு.

அத்தானுக்கு வீடியோ கால் போடவில்லை, சும்மா போன்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தான், இந்து பாஸ் பண்ணிட்டா."



"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தான்."

"ஏ மாப்ள, ஒனக்கு ஒடம்புக்கு என்ன? ஏதும் மறைக்கியா?"

"அப்பா, நெசந்தான்ப்பா. இப்பத்தான் பாத்தேன்" என்றாள் இந்து.

அதைக் கேட்டதும் அவர் "கோமதி, கோமதி" என்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போனதும், எதிலோ கால் இடித்துக்கொண்டதும், அக்கா அழுததும், இவள் இங்கே அழுததும் வரிசையாக நடந்தன. திரும்ப அவர் போனுக்கு வந்தபோது குரல் மாறியிருந்தது.

"மாப்ள, எப்படிப் பாத்தா, எங்க வச்சுப் பாத்தா, கொஞ்சம் வெவரமாச் சொல்லேம்ல. காதுக்குப் பத்தல."

நான் இந்துவைப் பார்த்தேன். அவள், சொல்லுங்க என்று தலையை ஆட்டினாள். நான் பார்க்காததை நான் சொல்லக்கூடாது என்று அவளிடமே கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

"அத்தான், அவ ரொட்டிக் கடையில வேல பாக்கா. மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்துருக்கா. ரெண்டு கையிலயும் மாவு. அந்த நேரம் பாத்து போன்ல சேதி வந்துருச்சு. கை கழுவப் போற வரைக்கும் பொறுக்க முடியல. குனிஞ்சு மூக்கால போனத் தொட்டுத் தொறந்து பாத்துருக்கா. மூணு தடவ தப்பாத் தொறந்து, நாலாவது தடவைக்குத்தான் மார்க் வந்துருக்கு. கடைக்காரம்மா இவளத் தூக்கி ஒரு சுத்துச் சுத்தி எறக்குனாங்களாம். வரிசையில நின்னவங்கள்லாம் கை தட்டுனாங்களாம்."

"மூக்காலயா?"

"மூக்காலதான் அத்தான்."

அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். அழுகையும் சிரிப்புமாக, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"கோமதி, இங்க வா, ஒன் தம்பி தேறிட்டான்! பழைய புளுகுக்குத் திரும்பிட்டான்! மூக்காலயாம்ல!"

இது நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்து என் தோளைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். விட்டுவிட்டேன்.